பாதி மீசை

அசையாதீங்க சார். ப்ளேடு ஓடிட்டிருக்கும்போது தலையாட்டக் கூடாது, ஆமான்னாலும் சரி, இல்லேன்னாலும் சரி. வாயும் திறக்க வேணாம். நுரை உள்ள போயிடும். அப்புறம் மயக்க ஊசி போடற டாக்டர் வந்து, காலைல ஏதாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டா என்னன்னு சொல்லுவீங்க, ரெண்டு வாய் சோப்புன்னா? விரலால சொல்லுங்க போதும். ஒரு விரல்னா ஆமா. ரெண்டு விரல்னா இல்லை. அஞ்சு விரலும் காட்டினீங்கன்னா அடிக்க வர்றீங்கன்னு எடுத்துக்கறேன்.

இப்ப நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. சிகரெட்டை விட்டாச்சா?

ஒரு விரலு. விட்டாச்சு. ரொம்ப சந்தோஷம்.

ஆனா உங்க மீசை இல்லேங்குதே சார்.

இருங்க இருங்க, எந்திரிக்காதீங்க. கண்ணாடியைக் காட்டறேன், பாருங்க. இந்தப் பக்கம் எடுத்தாச்சு, சுத்தமா இருக்கு. அந்தப் பக்கம் பாக்கி இருக்கில்ல, அதைப் பாருங்க. உதட்டுக்கு மேல, ஓரத்துல. தெரியுதா மஞ்ச? வெத்தலைக் கறை செவப்பா இருக்கும், டீக்கறை பழுப்பா இருக்கும். இது புகை. முப்பத்தோரு வருஷமா மூஞ்சி பார்க்கற எனக்கு இது கூடவா தெரியாது?

பழைய கறையா? அதைத்தான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். கணக்கு சொல்றேன் கேளுங்க. டாக்டரம்மா உங்களை முதல்ல பார்த்த அன்னைக்கு ரெண்டு விஷயம் சொன்னாங்க. மீசைக்கும் தலைக்கும் சாயம் அடிக்காதீங்க. சிகரெட்டைத் தொடாதீங்க. ஆறு வாரம் ஆச்சு. எனக்கு எப்படித் தெரியும்னா, உங்க ஃபைல்ல இருக்கு, நர்ஸு படிச்சு சொன்னாங்க. சாயத்தை நிறுத்திட்டீங்க, அதுல பொய் இல்ல, மீசை கொக்கு மாதிரி வெளுத்திருக்கு. அப்ப இந்த வெள்ளை முடிக்கு என்ன வயசு? ஆறு வாரம். ஆறு வாரக் குழந்தை சார் இது! பழைய கறை இதுல எப்படி ஒட்டும்? பொறந்ததுக்கு அப்புறம் புகை குடிச்சாத்தான உண்டு?

கண்ணை மூடிட்டா விட்டுடுவேனா.

அதான் அந்தப் பாதியை எடுக்காம வெச்சிருக்கேன். சாட்சி. ஒன்பதரைக்கு டாக்டரம்மா வருவாங்க, எங்க வெட்டணும்னு மூஞ்சில பேனாவால கோடு போட. அவங்ககிட்ட நீங்களே வாயைத் திறந்து சொல்லிடுங்க, விடலைன்னு. அவங்க ஆபரேஷனைத் தள்ளி வெப்பாங்க. அவ்வளவுதான் விஷயம். சொல்லலேன்னா பத்து மணிக்கு தள்ளுவண்டில ஏத்திடுவாங்க. அதுக்கப்புறம் நீங்களும் பேச முடியாது, நானும் பேச முடியாது, உங்க தோல்தான் பேசும்.

என்ன, முறைக்கிறீங்க? உனக்கு என்னடா வந்துச்சுன்னு கேக்கறீங்க. நியாயம்தான். எனக்கு ஒண்ணும் வரல. சோப்பு, ப்ளேடு, ஒரு டப்பா தண்ணி. ஆபரேஷனுக்கு முன்னாடி எங்க கத்தி படுமோ அங்க முடி எடுக்கறதுதான் என் வேலை. வயித்துல ஆபரேஷன்னா வயிறு. மண்டைன்னா மொட்டை. இந்த மூஞ்சி இழுத்துத் தைக்கற டிபார்ட்மென்ட் வந்து ஒன்பது வருஷம்தான் ஆகுது. வந்ததுலேருந்து எனக்குப் பொழுது நல்லாப் போகுது. மத்த வார்டுல எல்லாம் ஐயோ அம்மான்னு படுத்திருப்பாங்க. இங்க வர்றவங்க நல்லா நடந்து வந்து, நல்ல சட்டை போட்டுக்கிட்டு, காசு குடுத்து ஐயோ அம்மான்னு படுத்துக்கறாங்க.

இல்ல, கேலி பண்ணல. தப்பா எடுத்துக்காதீங்க. அவங்கவங்க மூஞ்சி, அவங்கவங்க ஆசை. எல்லாருக்கும் ஒரே கதைதான். எங்கேயோ ஒருத்தன் ஏதோ சொல்லியிருப்பான். உங்களுக்கும் யாரோ ஏதோ சொல்லியிருப்பாங்க. கடைல உங்க வீட்டம்மா பக்கத்துல நின்னிருப்பீங்க, எவனோ வந்து, ஏம்மா அப்பாவைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்கன்னு சொல்லியிருப்பான்...

என்ன சார், இருமறீங்க? சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன். அசையாதீங்க, தாடை ஓரத்துல நிக்குது ப்ளேடு.

டாக்டரம்மா கை சுத்தமான கை. அதுல குறை சொல்றவன் வாயில புழு விழும். முக்கால்வாசிப் பேரு நல்லாத்தான் போறாங்க. ஒரு மாசம் கழிச்சு வரும்போது புதுசா வெள்ளையடிச்ச வீடு மாதிரி இருப்பாங்க. எனக்கே அடையாளம் தெரியாம, யாரு சார் வேணும்னு கேட்டிருக்கேன். ஆனா மீதிக் கால்வாசி இருக்கே, அது என்கிட்டதான வருது. கட்டுப் பிரிச்ச அப்புறம் முதல் ஷேவ் யாரு பண்றது? நான்தான். அவங்களுக்கே பயம், தொட மாட்டாங்க.

ஒரு வக்கீல் வந்தாரு. நல்ல அடர்த்தியான தாடி. ஆபரேஷன் ஜோரா முடிஞ்சுது. மூணு மாசம் கழிச்சு வந்து கதவைச் சாத்திட்டு ரகசியமா கேக்கறாரு, என் காதுக்குப் பின்னாடி என்னமோ சொரசொரங்குது, கொஞ்சம் பாருன்னு. பார்த்தா தாடி! என்ன பண்றது, கன்னத்துத் தோலைப் புடிச்சு பின்னால இழுத்தா, அதுல இருக்கற முடியும் சேர்ந்துதான வரும்? கன்னத்துல இருந்தது காதுக்குப் பின்னாடி குடி போயிடுச்சு. முடிக்குத் தெரியுமா இது காது, நாம இங்க முளைக்கக் கூடாதுன்னு? இப்ப தினம் காலைல காதை மடக்கி வெச்சுக்கிட்டு பின்னாடி ஷேவ் பண்றாரு. ஒரு நாள் கோர்ட்டுல எந்திரிச்சு வாதாடும்போது காதுக்குப் பின்னாடி நுரை. நீதிபதி பார்த்துட்டு, வக்கீல் ஐயா இன்னும் குளிச்சு முடிக்கலையான்னு கேட்டாராம்.

சிரிக்காதீங்க, வெட்டிடும். உங்களுக்கும் தாடி அடர்த்திதான்.

அதே வக்கீலுக்குக் காதே மரத்துப் போச்சு. ஆமா, கன்னம், காது எல்லாம் கொஞ்ச நாள் உணர்ச்சி இருக்காது. சில பேருக்கு அஞ்சாறு மாசம். மூக்குக் கண்ணாடியைக் காதுல மாட்டிக்கிட்டே வீடு பூரா கண்ணாடியைத் தேடியிருக்காரு. வீட்டம்மா சொல்லிட்டாங்க, போன வேகத்துல வயசு குறைஞ்சிருக்கும்னு பார்த்தா, புத்தி இல்ல குறைஞ்சு வந்திருக்குன்னு.

அடுத்து ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். அவருக்கு நரம்பு. மூஞ்சிக்குள்ள நரம்பு ஓடுது பாருங்க, காதுக்கு முன்னாடி கிளம்பி விசிறி மாதிரி பிரிஞ்சு போகும். நெத்திக்கு ஒண்ணு, கண்ணுக்கு ஒண்ணு, உதட்டுக்கு ஒண்ணு. டாக்டரம்மா நர்ஸ் புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கும்போது பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டதுதான், நான் எங்க படிச்சேன். அதுல ஒண்ணு லேசா இழுபட்டாலும் அந்தப் பக்கம் வேலை நிறுத்தம். இன்ஸ்பெக்டருக்கு இடது புருவம் ஏறல. மனுஷன் திருடனை மெரட்டணும்னா ரெண்டு புருவமும் ஏறணுமில்ல? இவருக்கு ஒரு பக்கம் மெரட்டல், ஒரு பக்கம் தூக்கம். திருடன் அவரைப் பார்த்துட்டு, சார் உங்களுக்கு உடம்பு சரியில்லையா, நான் வேணா நாளைக்கு வரட்டுமான்னு கேட்டானாம். நாலு மாசம் ஸ்டேஷன்லயே கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் சரியாயிடுச்சு, பொய் சொல்லக் கூடாது. முக்கால்வாசி சரியாயிடும். ஆனா அந்த நாலு மாசத்துக்குள்ள அவரு பேரே மாறிப் போச்சு. இன்னைக்கும் அரைப்புருவம்னாதான் ஊருக்குத் தெரியும்.

ஒரு டீச்சரம்மாவுக்கு உதட்டு நரம்பு. சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். யாரைப் பார்த்தாலும் நக்கலாச் சிரிக்கிற மாதிரியே இருக்கும். பிரின்ஸிபால் கூப்பிட்டு விளக்கம் எழுதிக் குடுக்கச் சொல்லிட்டாரு.

சரி, கழுத்தைக் கொஞ்சம் மேல தூக்குங்க. அப்படித்தான்.

ரத்தக்கட்டு வேற. ஆம்பளைங்களுக்குத்தான் அது அதிகம். தாடி முளைக்கிற தோலுக்கு ரத்த ஓட்டம் ஜாஸ்தி. ஒரு ஹோட்டல்காரர். ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் அவரு கூட்டாளிங்க நாலு பேரு பார்க்க வந்தாங்க. சிரிக்க வெக்காதீங்க, பிரஷர் ஏறக் கூடாதுன்னு நர்ஸு தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க. அவனுங்க கேப்பானுங்களா? பழைய கதையெல்லாம் எடுத்து விட்டு, இவரு கட்டுக்குள்ளயே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சிருக்காரு. அரை மணி நேரத்துல வலது கன்னம் பந்து மாதிரி வீங்கிடுச்சு. தோலுக்கு அடியில ரத்தம் தேங்கிப் போச்சு. உடனே திருப்பி உள்ள கொண்டு போய், தையலைப் பிரிச்சு, ரத்தத்தை எடுத்து, மறுபடி தச்சு... நேரத்துக்குப் பார்த்ததால தப்பிச்சாரு. கூட்டாளிங்க வெளில நின்னுக்கிட்டு ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கிறானுங்க, நீதான்டா அந்தக் கழுதை கதையைச் சொன்னேன்னு.

இன்னும் இருக்கு. தழும்பு தடிச்சுப் போறது, தையல் ஓரத்துல முடி கொட்டிப் போறது, காது மடலைக் கீழ இழுத்துக்கிட்டு நிக்கறது, சீழ் புடிக்கறது. அதெல்லாம் நீங்க கையெழுத்துப் போட்ட காகிதத்துலயே இருக்கு. படிச்சீங்களா? ரெண்டு விரல். படிக்கல. யாருதான் படிக்கறாங்க. படிக்கத் தெரிஞ்சவங்க படிக்க மாட்டேங்கறீங்க, எனக்கு ஆசை, தெரியல.

இதெல்லாம் யாருக்கு வேணா வரும், வராமலும் போகும். அதுக்காக நான் உங்களைப் புடிச்சு வெக்கல. செய்ங்க, நல்லா செய்ங்க. ஆனா சிகரெட்டு விஷயம் வேற. அது வரலாம், வராமப் போகலாம் கணக்கு இல்ல.

எப்படின்னா, கன்னத்துத் தோலை உள்ளேருந்து பிரிச்சுத் தூக்கறாங்க. தூக்கினதும் அடிலேருந்து வர்ற ரத்தம் நின்னுடும். ஓரத்துல இருக்கற நூல் நூலான குழாய் வழியாத்தான் ரத்தம் ஊர்ந்து ஊர்ந்து வரணும், காதுக்குப் பின்னாடி கடைசி வரைக்கும். புகை என்ன பண்ணுது, அந்த நூலையும் சுருக்கிடுது. தோட்டத்துல குழாய் போட்டா கடைசி வரிசைச் செடிக்குத் தண்ணி போகாம நிக்குமே, அந்த மாதிரி. செடி என்ன ஆகும்? அதுதான் தோலும் ஆகும்.

பார்த்திருக்கேன். கேள்விப்பட்டதில்ல, இந்தக் கண்ணால பார்த்தது.

அதைச் சொல்றதுக்கு முன்னாடி என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நான் நல்லவன் இல்ல சார். ஒருத்தன் என்னை ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா அது உள்ள போய் உக்காந்துக்கும். எறங்காது. கேன்டீன்காரன்கிட்ட எட்டு வருஷமா டீ குடிக்கறதில்ல. ஏன்னா ஒரு நாள் எனக்கு முன்னாடி ஒரு டாக்டர் வந்துட்டாருன்னு என் டம்ளரை எடுத்து அவருக்குக் குடுத்தான். லிஃப்ட் ஓட்டறவன் ஒரு தடவை நான் ஓடி வர்றதைப் பார்த்துக்கிட்டே கதவைச் சாத்தினான். அன்னைலேருந்து படிதான். நாலு மாடி, முட்டி ரெண்டும் போச்சு, அவனுக்கு ஒண்ணும் ஆகல. என் வீட்டுக்காரி சொல்லுவா, உனக்கு மட்டும் கோவத்துக்குச் சம்பளம் குடுத்தா நாம மாடி வீடு கட்டியிருக்கலாம்னு.

அப்படியாப்பட்ட என்கிட்ட ஒரு டிரைவிங் ஸ்கூல் முதலாளி வந்தாரு. ஆறு வருஷம் இருக்கும். இதே ரூம்தான், இதே மாதிரி நாற்காலி. நான் உள்ள வர்றேன், விரலைச் சொடுக்கி, ஏய் சோப்பு, இங்க வான்னு கூப்பிட்டாரு. சோப்பாம். எனக்கு அப்பவே உள்ள போய் உக்காந்திருச்சு. ஷேவ் பண்ணிக்கிட்டே வரேன், பார்த்தா விரலிடுக்குல மஞ்ச, மூச்சுல புகை நாத்தம். காகிதத்துல தொடவே மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெளில போய் நர்ஸுகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லல. நமக்கென்ன, நாம சோப்புதானேன்னு டப்பாவை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

எட்டாம் நாள் கட்டு மாத்தும்போது கூப்பிட்டாங்க, சுத்தி இருக்கற முடியைக் கத்தரிக்கணும்னு. போய்ப் பார்த்தேன். ரெண்டு காதுக்கும் பின்னாடி கருப்பு. அடிப்புடிச்ச சட்டி மாதிரி. மூணு விரல் அகலத்துக்குத் தோல் செத்துப் போச்சு. அதை வெட்டி எடுத்து, புண்ணை ஆற வெச்சு, ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் போகணும். அந்த மனுஷன் கண்ணாடி பார்க்க மாட்டாரு. என்னைத்தான் கேப்பாரு. அண்ணே, இன்னைக்குக் கொஞ்சம் சின்னதாயிருக்கான்னு. சோப்புன்னு கூப்பிட்டவரு. அண்ணேன்னு கூப்பிடறாரு. சின்னதாயிருக்குங்க, நல்லா ஆறி வருதுங்கன்னு சொல்லிட்டு வெளில வந்து அந்த வராண்டா குழாயில கையைக் கழுவுவேன். கழுவிக்கிட்டே இருப்பேன்.

அதுக்கப்புறம் ஒரு முடிவு பண்ணிட்டேன். கோவத்தை விடறதா இல்ல, அதெல்லாம் என்னால முடியாது. ஆனா கோவம் வேற, வாயை மூடிக்கறது வேற. தெரிஞ்சா சொல்லிடணும். எவனா இருந்தாலும் சரி.

எவனா இருந்தாலும்னா, நம்பர் ஒண்ணா இருந்தாலும்.

நம்பர் ஒண்ணு யாருன்னா... அது ஒரு ஆளு. சொந்தம்தான், நெருங்கின சொந்தம். என்ன சொந்தம்னெல்லாம் வேணாம். பத்தொம்பது வருஷமா நான் அவன்கூடப் பேசறதில்ல. என் கோவ லிஸ்ட்ல கேன்டீன்காரன், லிஃப்ட்காரன் எல்லாம் வந்து போறவனுங்க. இவன் நிரந்தரம்.

என்ன பண்ணானா? என் பொண்ணு கல்யாணம். ஒரே பொண்ணு. மண்டப வாசல்ல நிக்கிறேன், புதுச் சட்டை. மாப்பிள்ளையோட பெரியப்பா வர்றாரு. பக்கத்துல நம்ம ஆளு நிக்கிறான், கோட்டு போட்டுக்கிட்டு. இவருதான் பொண்ணோட அப்பா, மெடிக்கல் லைன்ல இருக்காருன்னு அறிமுகம் பண்றான். மெடிக்கல் லைன்! நான் அந்த லைன்ல நின்னது கூட கிடையாது. பொண்ணோட அப்பா ஆஸ்பத்திரில ஷேவ் பண்றாருன்னு சொன்னா இவன் கோட்டு கசங்கிடும் போல. அந்தப் பெரியப்பா உடனே என்னை ஓரமாத் தள்ளிக்கிட்டுப் போய், டாக்டர், எனக்கு ரொம்ப நாளா வயிறு ஊதிக்குதுன்னு ஆரம்பிச்சுட்டாரு. நாக்கை வேற நீட்டிக் காட்டறாரு. என்ன பண்றது? எட்டிப் பார்த்தேன். நல்ல நாக்குதான்னு சொன்னேன்.

சிரிங்க சிரிங்க. ப்ளேடை எடுத்துட்டேன், இப்ப சிரிக்கலாம். அப்ப எனக்குச் சிரிப்பு வரல.

ஏன்னா அடுத்த மாசம் அந்தப் பெரியப்பா வயித்தைப் புடிச்சுக்கிட்டு நேரா இங்க வந்துட்டாரு. கவுண்டர்ல என் பேரைச் சொல்லி டாக்டரைப் பார்க்கணும்னு கேட்டிருக்காரு. கவுண்டர்ல இருந்த புள்ளைங்க சிரிச்ச சிரிப்பு நாலாவது மாடில எனக்குக் கேட்டுச்சு. நான் டப்பாவும் கையுமா படியில எறங்கி வர்றேன், அவரு கீழ நின்னு பார்க்கறாரு. திரும்பிப் போயிட்டாரு. ஆனா மாப்பிள்ளை வீட்டுல என் பொண்ணை ஒரு வருஷம் டாக்டர் வீட்டுப் பொண்ணே, டாக்டர் வீட்டுப் பொண்ணேன்னு கூப்பிட்டுக் குத்திக்கிட்டிருந்தாங்க. பொய் சொல்லிக் கட்டிக் குடுத்துட்டேனாம் நான். நான் வாயே திறக்கல சார். வாயைத் திறந்தவன் கோட்டைக் கழட்டி மாட்டிட்டு வீட்டுல தூங்கறான், என் பொண்ணு சமையல்கட்டுல நின்னு அழுவுறா.

இப்ப அவ நல்லா இருக்கா. அந்த மாமியாரே இவ இல்லாம நகர மாட்டாங்க. அதெல்லாம் சரியாப் போச்சு. எனக்குத்தான் எறங்கல.

அவன் ஒரு தடவை வந்து, தப்பா ஒண்ணும் நெனைக்கலை, உங்களைப் பெருமையாத்தான் சொன்னேன்னு சொல்லியிருந்தா... எறங்கியிருக்குமா? தெரியல. அவன் வரல. ஷோரூம் பெருசாப் போட்டுட்டான், சோபா விக்கிறான், ஆளு பெரிய ஆளாயிட்டான். போகட்டும்.

காது ஏன் சார் இப்படிச் செவக்குது உங்களுக்கு? சோப்பு ஒத்துக்கலையா? ரெண்டு காதும் செவக்குதே. ஒரு விரலு, ரெண்டு விரலு, எதையாவது காட்டுங்க.

கண்ணுல என்ன, நுரை பட்டுடுச்சா? இந்தாங்க, துண்டு. துடைச்சுக்குங்க. நல்லாத் துடைச்சுக்குங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன், ப்ளேடு கழுவணும்.

மணி ஒன்பது இருபத்தஞ்சு. இப்ப எந்திரிச்சு ஓடிடலாம்னு கூட உங்களுக்குத் தோணலாம். ஆனா பாதி மீசையோட எங்க போவீங்க? வாசல்ல செக்யூரிட்டியே விட மாட்டான். பேசாம உக்காருங்க. அவங்க வந்ததும் நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன். ஆனா நீங்க சொன்னா நல்லா இருக்கும். ஏன்னா நான் சொன்னா அது கோள் மூட்டினதா ஆயிடும், அப்புறம் உங்களுக்கு என்மேல ஒரு கோவம் வந்து உள்ள உக்காந்துக்கும். அது எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியும் சார்.

செருப்புச் சத்தம். வர்றாங்க.

வணக்கம் டாக்டரம்மா. இல்லைங்க, முடியல, பாதியில நிக்குது. வேணும்னுதான் நிறுத்தி வெச்சிருக்கேன். சார் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம். ஆமாங்க, அவரே சொல்லுவாரு. ப்ளேடை மூடி டப்பால போட்டுட்டேன், வாயைத் தாராளமாத் திறக்கலாம். சொல்லுங்க சார்.

சொல்லுங்க.

அப்படி. அதான். சொல்லிட்டாரு. எத்தனைன்னு கேளுங்க டாக்டரம்மா, அதையும் கேட்டுடுங்க. ஒரு நாளைக்கு அஞ்சா? இன்னைக்குக் காலைலயும் ஒண்ணா? இந்த பாத்ரூம்லயா, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டா? அடப்பாவி, அது எனக்கே தெரியாது!

திட்டாதீங்க டாக்டரம்மா, பாவம், அவரா வாயைத் திறந்து சொன்னாரில்ல. ஆபரேஷன் ஆறு வாரம் தள்ளியா? இந்தத் தடவை மூச்சுல பரிசோதனை பண்ணிட்டுத்தானா? அது நல்லது. மீசையை மட்டும் நம்பிக்கிட்டு இருக்க முடியாது.

இல்லைங்க, எனக்கு இன்னைக்கு இந்த மாடி டியூட்டி இல்லைதான். கண் வார்டு. மாத்தி வாங்கிட்டு வந்தேன். ஏன்னா... ஏன்னா என்னங்க, தெரிஞ்ச ஆளு. என் சகலை. என் வீட்டுக்காரியோட தங்கச்சி புருஷன். நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணு அக்காவுக்குப் போன் பண்ணி அழுதுச்சு, இவரு ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊதறாரு, சொன்னாக் கேக்கறதில்ல, மூஞ்சி அழுகிப் போயிடுமோன்னு பயமா இருக்குன்னு. என் வீட்டுக்காரி என்கிட்ட சொல்லல, சுவத்தைப் பார்த்துச் சொன்னா. நானும் கேக்கல, சுவத்துப் பக்கமா நின்னிருந்தேன்.

ஆமாங்க, அவனுக்கும் தெரியும். நான் மாஸ்க்கும் தொப்பியும் போட்டிருந்தாலும் கதவைத் திறந்தப்பவே தெரிஞ்சுக்கிட்டான். தெரிஞ்சுக்கிட்டான்னு எனக்கும் தெரியும்.

பேச்சா? இல்லைங்களே, பேசறதில்ல. முக்கால் மணி நேரமா பேசினது பேஷண்டுகிட்ட. அது டியூட்டி. சகலைகிட்ட பத்தொம்பது வருஷமா ஒரு வார்த்தை கிடையாது, இன்னைக்கும் கிடையாது. நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க டாக்டரம்மா. ஆறு வாரம் ஒழுங்கா இருந்துட்டு வரச் சொல்லுங்க. இல்ல, இந்த மூஞ்சியே போதும்னு வராம இருந்தாலும் சரின்னு சொல்லுங்க. எனக்குக் கோவப்படறதுக்குன்னு ஒழுங்கா இருக்கறது இந்த ஒரு மூஞ்சிதான், அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போய் நிக்கறதுன்னு... வேணாம், அதை விட்டுடுங்க. ஆறு வாரம்னு மட்டும் சொல்லுங்க, போதும்.